7 வாரப் பாப்பா, தலை ஒரே பக்கம் சாயுது. உரம் விழுந்ததா?

தேனிக்காரி:
பாப்பா தலை எப்பவும் வலது தோள் பக்கம் சாஞ்சிருக்கு, முகம் இடது பக்கம்தான் திரும்புது. ஒரு பக்கம் போட்டா பால் குடிக்காம அழறா. நேத்து குளிப்பாட்டும்போது வலது கழுத்துல கோலிக்குண்டு மாதிரி கெட்டியா தட்டுப்பட்டுச்சு. மாமியார், உரம் விழுந்திருக்கு, புடவையில போட்டு உருட்டினா சரியாயிடும்ங்கறாங்க. கட்டியோன்னு எனக்குத் தூக்கமே போச்சு. கால் பக்கமா இருந்ததால சிசேரியன்.

ரெட்டைஜடை:
எங்க வீட்லயும் உரம் எடுத்திருக்காங்க, ஒண்ணும் ஆகல.

ரெண்டு பசங்க அம்மா:
உருட்ட விடாதீங்கம்மா. அந்தக் கட்டியத் தேய்க்கவும் விடாதீங்க. என் மூத்தவனுக்கு இதேதான், டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு டார்ட்டிகாலிஸ்னாங்க. காதுக்குப் பின்னால இருந்து காறை எலும்பு வரைக்கும் போற தசை இறுகிக் குட்டையாயிடுது. வயித்துக்குள்ள இடம் பத்தாம கழுத்து மடங்கிக் கெடந்தா இப்படி வரலாமாம். கட்டிங்கறது அந்தத் தசையே தடிச்சது. பொறந்து சில வாரம் கழிச்சுத்தான் தெரியும், பெரும்பாலும் தானா கரைஞ்சிடும். ஆனா டாக்டர் பாத்து அதுதான்னு சொல்லணும், நாமளே முடிவு பண்ணக் கூடாது. இடுப்பு மூட்டையும் பாக்கச் சொல்லுங்க. கால் பக்கமா இருந்த குழந்தைன்னா கட்டாயம்.

பிசியோ சொல்லிக் குடுத்தத டயப்பர் மாத்தறப்பல்லாம் செஞ்சேன். உங்க பாப்பாவுக்குன்னா முகத்த மெதுவா வலது பக்கம் திருப்பணும், இடது காத இடது தோள்கிட்ட கொண்டு போகணும். கைய அவங்க புடிச்சுக் காட்டின அப்புறம் செய்ங்க. மத்ததெல்லாம் தந்திரம்தான்: ஜன்னல், கிலுகிலுப்பை, நம்ம மூஞ்சி எல்லாம் வலது பக்கம். முழிச்சிருக்கப்ப குப்புறப் போடுங்க, தூங்கறப்ப மல்லாக்க. தூளிய நான் குறைச்சேன், அதுல சுருண்டே கெடப்பான். தலை ஒரு பக்கம் தட்டையாகுதுன்னு அம்மா கடுகு தலையணை தச்சாங்க, டாக்டர் வேண்டாம்னுட்டார்.

ரெண்டாம் மாசம் ஆரம்பிச்சு ஏழாம் மாசம் நேராச்சு. 3 மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா பெரும்பாலும் ஆபரேஷன் வரைக்கும் போகாது.

தேனிக்காரி:
போயிட்டு வந்தோம்க்கா, அதேதான். இடுப்பு ஸ்கேன் வியாழக்கிழமை. மாமியார் இப்ப வலது பக்கமே உக்காந்து கிலுகிலுப்பை ஆட்டறாங்க! திருப்பும்போது அழறாளே, விட்டுடணுமா?

ரெண்டு பசங்க அம்மா:
சிணுங்கினா பாட்டுப் பாடிக்கிட்டே செய்ங்க. உடம்ப முறுக்கி எதிர்த்தா விட்டுடுங்க, பலவந்தம் வேண்டாம். பால் குடிச்ச உடனே மட்டும் செய்யாதீங்க, மொத்தமும் உங்க மேல கக்கிடுவா.