பிஎம்ஐ 24.2: ஒரு ரிப்போர்ட்டில் நார்மல், இன்னொன்றில் அதிக எடை. எதை நம்புவது?

ஓஎம்ஆர்_பயணி:
வணக்கம். வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ஆபீசில் நடந்த செக்கப்பில் பிஎம்ஐ 24.2, நார்மல் என்று கொடுத்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தபோது அதே 24.2-க்கு 'அதிக எடை' என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே சுகர் வந்துவிட்டது, அதனால் சரி போகட்டும் என்று விட மனமில்லை. கை கால் எல்லாம் ஒல்லி, தொப்பை மட்டும் இருக்கிறது. உண்மையில் நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

மயிலை_டயட்டீஷியன்:
தம்பி, ரெண்டு பேருமே கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது 70-ஐ 1.7-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.7-ஆல் வகுத்தால் 24.2. கோடு எங்கே கிழிப்பது என்பதில்தான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5 முதல் 24.9 வரை நார்மல், 25-லிருந்து அதிக எடை, 30-லிருந்து உடல் பருமன். ஆனால் அதே நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004-லேயே, ஆசிய மக்களுக்கு 23-இலிருந்தே கவனிக்கத் தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. 2009-ல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவிலும் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். உங்கள் லேப் இதைத்தான் பின்பற்றுகிறது, நமக்குப் பொருந்துவதும் இதுதான். இந்தக் கணக்கில் 170 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 53.5 முதல் 66 கிலோ வரை.

ஏன் நமக்கு மட்டும் கோடு கீழே என்று கேட்பார்கள். அதே பிஎம்ஐ-யில் நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு, அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியான கை கால், கூடவே தொப்பை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. அதனால் தராசை விட்டுவிட்டு முதலில் இடுப்பை அளந்து போடுங்கள். பேன்ட் சைஸ் கணக்கில்லை, தொப்பைக்குக் கீழே பேன்ட் கட்டுகிறவர்களுக்கு அது எப்போதும் குறைத்துத்தான் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

வேளச்சேரி_ஜிம்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிஎம்ஐ-க்குத் தசை எது கொழுப்பு எது என்று தெரியாது. எங்கள் ஜிம்மில் வருஷக்கணக்காக எடை தூக்குகிற பையன்கள் 26, 27 காட்டுவார்கள், இடுப்பு சின்னதாக இருக்கும், அவர்களைப் பருமன் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனி வரைபடம் உண்டு.

ஓஎம்ஆர்_பயணி:
அளந்தேன். 94 செ.மீ. இது ரொம்ப மோசமா?

மயிலை_டயட்டீஷியன்:
பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இன்னொரு சுலபக் கணக்கு, இடுப்புச் சுற்றளவு நம் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு அது 85. அப்பாவுக்குச் சுகர் வேறு இருப்பதால் ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்), கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், ஃபாட்டி லிவர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எடையில் அஞ்சு சதவீதம், உங்களுக்கு மூன்றரை கிலோ, நிதானமாக இறங்கினாலே சுகர், பிரஷரில் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும். உடனே 60 கிலோ என்று பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், நமக்கு ஏற்கெனவே அது குறைவு. மதியம் சாம்பாருக்கு ஒரு ரவுண்டு, ரசத்துக்கு ஒரு ரவுண்டு, மோருக்கு ஒரு ரவுண்டு சோறு, பொரியல் மட்டும் ஒரு கரண்டி என்று சாப்பிடுகிறோமே, அதைத் திருப்பிப் போடுங்கள். பொரியலும் கூட்டும் தட்டில் பாதி, சுண்டலோ முட்டையோ மீனோ கட்டாயம், சோறு ஒரே ரவுண்டு. சர்க்கரை போட்ட டீ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நடை வாரத்துக்கு 150 நிமிஷம், அதோடு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. பெசன்ட் நகர் கடற்கரை தூரம் என்றால் மொட்டை மாடியே போதும்.

பெரம்பூர்_மகள்:
அக்கா, இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 68 வயது, 150 செ.மீ., 39 கிலோ. சுகர் இருப்பதால் பயந்து பயந்து ராத்திரி ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார். ஒல்லியாக இருந்தால் நல்லதுதானே என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

மயிலை_டயட்டீஷியன்:
இல்லைம்மா, அம்மாவுக்கு 17.3 வருகிறது, 18.5-க்குக் கீழே. அந்த உயரத்துக்குக் குறைந்தது 41.6 கிலோ வேண்டும். இந்த வயதில் எடை குறைவது எடை கூடுவதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம், தசை போனால் விழுவார்கள், எலும்பு முறியும். முதலில் ஒன்று சொல்லுங்கள், போன வருஷம் எத்தனை கிலோ இருந்தார்? முயற்சி பண்ணாமலே ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள் அஞ்சு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதது, தைராய்டு, டிபி என்று பல காரணம் இருக்கலாம். அதுவரை அந்த ரெண்டு இட்லியோடு ஒரு முட்டையோ கெட்டிப் பருப்போ கொடுங்கள். சுகர் மாத்திரை அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.