இந்த மாதம் வாங்கிய இசைத்தட்டு: பழைய எல்பியா, புது அச்சா, சிடியா?

ஊசிமுனை:
நான் வாங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்கள். இரண்டு எல்பி, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் பெரிய கறுப்புத் தட்டு. ஒன்று இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986-இல் வந்த தட்டு. இன்னொன்று அதே வருடத்து 'மௌன ராகம்', எக்கோ நிறுவனம் அந்தக் காலத்திலேயே அச்சடித்து வெளியிட்ட தட்டு. இரண்டும் சேர்த்து 4,500 ரூபாய். விற்றவர்கள் சென்னையின் பழைய மூர் மார்க்கெட் சந்தைக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பம். 1985-இல் அந்தச் சந்தை தீவிபத்தில் அழிந்த பிறகும் தொழிலை விடவில்லை. பேரம் பேசினால் சிரிப்பார்கள், தட்டின் மேல் விரல் பட்டால் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள்.

'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த இசை. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற தனி வயலின் இசையின் தொடக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கர்நாடக வயலின் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வி.எஸ். நரசிம்மனின் வில் கம்பியில் திரும்புகிற சத்தம்கூட தட்டில் தனியாகக் கேட்கிறது. கைபேசியின் பாட்டுச் செயலியில் கேட்டால் அந்த இடம் வழவழவென்று போய்விடுகிறது.

எண்பதுகளின் ராஜாவை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் காலத்து அச்சுதான். மற்றதெல்லாம் நகலின் நகல். காசு போனாலும் பரவாயில்லை, பழையதையே வாங்குங்கள் என்பது என் பரிந்துரை.

வெள்ளித்தட்டு:
வாழ்த்துகள் சார், நல்ல தட்டுகள். ஆனால் கடைசிப் பத்தியை ஏற்க முடியவில்லை. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஐயாயிரம், பத்தாயிரம் என்று கொட்டுகிறார்கள்.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சுற்று மாறுவதில்லை, ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறியதாகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிற தட்டு, லேபிள் பக்கத்தில் சுமார் 21 செ.மீ. தான் ஓடும். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஜானகியம்மா 'ச', 'ஸ' சொல்கிற இடமெல்லாம் சீறும். சிடியில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இந்த வித்தியாசமே கிடையாது. மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடம். நல்ல எல்பி 70-ஐத் தொட்டாலே பெரிய விஷயம்.

நான் இந்த மாதம் வாங்கியது 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்' இரண்டின் சிடி. இரண்டாவதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். குழலுக்கு முன்னால் வருகிற மூச்சும், குழல் நின்ற பிறகு வருகிற அமைதியும் அந்த இசைக்கு உயிர். தட்டில் அந்த அமைதி முழுக்க டிக், டிக் என்று வெடிக்கும். இரண்டு சிடிக்கும் சேர்த்து 600 ரூபாய் கொடுத்தேன்.

ஊசிமுனை:
தம்பி, நீங்கள் பாத்திரத்தின் கொள்ளளவைச் சொல்கிறீர்கள், நான் அதில் ஊற்றியதைச் சொல்கிறேன். சிடி பெரிய பாத்திரம்தான், மறுக்கவில்லை. நம் படப் பாடல்களுக்கு அதில் என்ன ஊற்றினார்கள்?

இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மேல் ஸ்தாயியை வெட்டி, அப்புறம் சத்தம் கூட இருந்தால் வாங்குவார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கி வந்த சிடிகள் என்னிடமே நிறைய இருக்கின்றன. டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தைத் தட்டுகிற ஓசை பருத்தித் துணிக்குள் சுற்றியது மாதிரி இருக்கும். 'மௌன ராகம்' எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே பாட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணிக்குள் முடிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் வரை கொள்ளும் தட்டில் இவ்வளவு குறைவாக இருந்தால் க்ரூவை, அதாவது ஊசி ஓடும் பள்ளத்தை, நெருக்கித் திணிக்க வேண்டியதில்லை. தாராளமாக அகலம் விட்டு வெட்டலாம். பேஸ் கிடார் நன்றாக எழுந்து நிற்கும். நீங்கள் சொல்கிற உள்வட்டத் தொல்லையும் குறைவு, ஏனென்றால் லேபிள் வரை போகவே வேண்டாம்.

கேசட்பிரியன்:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மாமா மதுரையில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். வெறும் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவந்து கொடுத்தால் பதிவுசெய்து தருவது. அந்தக் கடைகளில் ஓடிய தட்டுகள்தான் இன்றைக்குச் சந்தைக்கு வருகிற 'ஒரிஜினல்'களில் பெரும் பங்கு. அவற்றை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் அட்டையின் பின்பக்கம். கடையின் ரப்பர் முத்திரை இருக்கும், மூலையில் மையில் எழுதிய எண் இருக்கும். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் டிக் போட்டிருந்தால் அது ஊரில் எல்லோரும் கேட்ட பாட்டு. அடுத்து தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். மற்ற இடமெல்லாம் கறுப்பாகப் பளபளக்கும், அந்த ஒரு பாட்டு இருக்கும் வளையம் மட்டும் சாம்பல் பூத்தமாதிரி இருக்கும். பழைய பிளேயர்களின் செராமிக் ஊசி ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தி ஓடிய அடையாளம் அது. இன்றைய ஊசி இரண்டு கிராம். அழுக்கைக் கழுவலாம், தேய்ந்த க்ரூவைக் கழுவி மீட்க முடியாது. அந்தத் தட்டுக்கு 2,000 ரூபாய் கேட்டாலும் வேண்டாம், 200 கேட்டாலும் வேண்டாம்.

அதனால் 'பழைய அச்சு' என்ற ஒரே காரணத்துக்காக வாங்கச் சொல்வது சரியில்லை அண்ணா. சாம்பல் பூத்த எல்பியைவிட சுமாரான சிடி மேல்.

நிழல்:
எல்லோருக்கும் வணக்கம். நான் புதியவன், டர்ன்டேபிளே இப்போதுதான் வாங்கினேன். பழைய தமிழ்ப் படப்பாடல் எல்பி ஒன்றின் புது அச்சை இணையத்தில் 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். கனமான தட்டு, அழகான அட்டை, ஒரு கீறல் இல்லை. ஆனால் செயலியில் கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் காதுதான் பழகவில்லையா?

வெள்ளித்தட்டு:
உங்கள் காதில் குறை இல்லை நிழல். புது அச்சு எதிலிருந்து வெட்டப்பட்டது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்டுடியோவில் முதலில் பதிவான மூல டேப்பிலிருந்து எடுத்திருந்தால் அதைத்தான் பெரிய எழுத்தில் முதலில் போடுவார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், செயலியில் இருக்கிற அதே டிஜிட்டல் கோப்பையே (ஃபைலையே) தட்டில் வெட்டியிருக்கலாம். கோப்பாக இருப்பதை எல்பியில் எழுதி, அதை ஊசியால் படித்து, 3,000 ரூபாய் கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பெரிய அட்டையும் கையில் பிடிக்கிற சந்தோஷமும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். ஒலிக்காக என்று மட்டும் வாங்காதீர்கள்.

ஊசிமுனை:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். என் வாதமும் இதுதானே. மூல டேப் நல்ல நிலையில் கிடைத்தால் நாளைக்கே சிடி வாங்குகிறேன். காந்த டேப் ஈரக்காற்றை உறிஞ்சும். பூச்சைப் பிடித்திருக்கும் பசை பிசுபிசுத்துப்போகும், ஓடவிட்டால் பூச்சு உரிந்து டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும். சென்னைக் காற்றில் நாற்பது வருடம் சாதாரண அலமாரியில் கிடந்த டேப்பின் கதி என்ன ஆகியிருக்கும்? டேப் கெட்டுப்போன படங்களுக்கு அன்று அச்சான எல்பிதான் மிச்சமிருக்கும் சாட்சி. அதைக் குப்பைக்குப் போகவிடாமல் வாங்கி வைப்பதற்காகவே நான் காசு கொடுக்கிறேன். கேசட்பிரியன் சொன்ன சாம்பல் வளையத்தை நானும் பார்த்துத்தான் வாங்குவேன். பழசு எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை, நன்றாக இருக்கிற பழசுக்கு ஈடு இல்லை என்கிறேன்.

சுருதிப்பெட்டி:
நான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். சுருதியைப் பற்றி யாருமே பேசவில்லையே!

செயலிகளில் இருக்கிற பழைய பாட்டுகளில் சில கால் ஸ்வரம், அரை ஸ்வரம் ஏறி நிற்கின்றன. நகல் எடுத்தபோது டேப்போ தட்டோ வேகமாக ஓடியிருக்கிறது. வேகம் 6 சதவீதம் கூடினால் முழுசாக அரை ஸ்வரம் ஏறிவிடும். பிள்ளைகள் அதைக் கேட்டு அந்தச் சுருதியிலேயே பாடம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். எஸ்பிபி குரல் இளைத்துப்போய் சிறுபையன் மாதிரி கேட்கும் இடங்கள் இருக்கின்றன. இந்த விஷயத்தில் எல்பி பக்கம்தான் நான்.

ஆனால் ஊசிமுனை அண்ணா, உங்கள் பிளேயரின் வேகத்தைச் சரிபார்த்தீர்களா? பெல்ட் தளர்ந்தால் அதுவும் இறங்கும். வேகம் பார்க்க வளையமாகக் கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் தட்டு ஒன்று அச்சடித்து மேலே வைத்து, பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் சுற்றவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு 180 கோடுகள் உள்ள வளையம் அசையாமல் நிற்க வேண்டும். அமெரிக்க ஸ்ட்ரோப் தட்டில் அங்குள்ள 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடு இருக்கும், அது நமக்கு உதவாது. எல்இடி வெளிச்சத்திலும் பெரும்பாலும் தெரியாது. கோடு முன்னே நகர்ந்தால் வேகம் கூட, பின்னே நகர்ந்தால் குறைவு. இதைப் பார்க்காமல் 'அந்தக் காலத்து ஒலி' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான் வாங்கியது எம்.எஸ். அம்மாவின் 'வெங்கடேச சுப்ரபாதம்' எல்பி. 1963-இல் முதலில் வந்தது. என்னிடம் இருப்பது பின்னால் வந்த அச்சு, 400 ரூபாய்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில் இருந்த தட்டு, அதனால் மலிவு. நிழல் தம்பிக்கு முதல் பரிந்துரை இதுதான். விலை ஏறியதெல்லாம் ராஜா தட்டுகள். கர்நாடக சங்கீத எல்பிகள் இன்னும் கீறல் இல்லாமல் சல்லிசாகக் கிடைக்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கஞ்சிரா:
நானும் ஒரு ஜோடி வாங்கினேன். நம் சங்கீதத்தையும் மேற்கத்திய கிடாரையும் சேர்த்து வாசிக்கும் சக்தி குழுவின் முதல் எல்பியும் (1976), 2023-இல் வந்த 'திஸ் மொமன்ட்' சிடியும்.

முதலாவது அமெரிக்காவில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் 1975-இல் மேடையில் வாசித்தபோதே பதிவானது. ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம். கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கிற அந்தக் கும்கியை எல்பியில் கேட்க வேண்டும், தரையில் தெரியும். இரண்டாவதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், கூடவே சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில் இருந்தபடி பதிவுசெய்து சேர்த்த ஆல்பம், 2024-இல் கிராமி வாங்கியது.

என் கருத்து: பதிவானபோதே டிஜிட்டலாக இருந்ததை சிடியில் வாங்குங்கள், டேப்பில் பதிவானதை எல்பியில் வாங்குங்கள்.

வெள்ளித்தட்டு:
அந்தக் கணக்கு ஒத்துவராது கஞ்சிரா. டேப்பில் பதிவானதையும் ஒழுங்காக டிஜிட்டலுக்கு மாற்றினால் எல்பியைவிட டேப்புக்கு நெருக்கமாக இருக்கும். அச்சுக்கு வெட்டும்போது பேஸைக் குறைத்து, மேல் ஸ்தாயியைக் கூட்டி எழுதி, கேட்கும்போது ஆம்பிளிஃபயர் அதைத் திருப்பிப் போடுகிறது. அத்தனை கை மாறி வருவது எல்பி. மாற்றியவர் சரியாக மாற்றவில்லை என்றால் அவரைக் கேளுங்கள், சிடியைத் திட்டாதீர்கள்.

சுருதியைப் பற்றி அக்கா சொன்னது முக்கியம். ஆனால் அதற்கும் தீர்வு கணினியில் இருக்கிறது, வேகத்தைத் திருத்திவிடலாம். நசுக்கிய சத்தத்தைத்தான் திருப்ப முடியாது, அங்கே மட்டும் ஊசிமுனை சாரின் கட்சிக்குப் பலம் உண்டு.

ஊசிமுனை சார், உங்கள் 'மௌன ராகம்' தட்டைக் கழுவி, வேகம் பார்த்து, கணினியில் 24 பிட் தரத்தில் பதிவுசெய்து அனுப்புங்கள். கழுவ டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஸ்பிரிட் ஏதாவது போட்டீர்கள் என்றால் நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். என் சிடியோடு சத்த அளவைச் சமமாக்கி வைக்கிறேன், எது எது என்று சொல்லாமல் இங்கே போடுவோம். எல்லோரும் கேட்டுச் சொல்லட்டும்.

ஊசிமுனை:
அனுப்புகிறேன். பெல்ட் மாற்றிவிட்டு, அக்கா சொன்ன 180 கோட்டையும் பார்த்துவிட்டு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இரண்டையும் வைக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் வைக்கக் கூடாது, எனக்குச் சாதகமானதை மட்டும் நானும் கேட்கவில்லை.

கேசட்பிரியன்:
மாமாவின் டிடிகே கேசட்டில் அதே படம் இருக்கிறது. அதையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் அதில்தான் கேட்டோம், அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

நிழல்:
சுப்ரபாதம் எல்பி 350 ரூபாய்க்கு ஒருவர் தருகிறேன் என்கிறார். அட்டையின் பின்னால் முத்திரை இல்லை, டிக் இல்லை. டியூப்லைட்டில் சாய்த்து எடுத்த படம் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.