அப்பாவுக்கு மூளையில் ரத்த ஓட்டம் குறைவு என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட், அந்த இடம் செத்துப்போச்சா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
போன வாரம் அப்பாவுக்கு வலது கை மரத்து, பேச்சு குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. கழுத்தில் இடது பக்க ரத்தக்குழாய் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பாம். கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட் அளவு) அதிகம் என்பதால் கேடோலினியம் என்ற ஸ்கேன் மருந்து ஊசி போடாமல், ஏஎஸ்எல் என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். டிஃப்யூஷன் என்ற இன்னொரு எம்ஆர்ஐ படம் நார்மல், ஆனால் ஏஎஸ்எல் கலர் படத்தில் இடது பாதி நீலமாக இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் மலையாளத்தில் வேகமாகச் சொன்னது பாதிதான் புரிந்தது.

வேலந்தாவளம் ஸ்கேன்:
பயப்படாதீங்க அக்கா. செல் செத்திருந்தால் பெரும்பாலும் டிஃப்யூஷனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்திருக்கும். ஏஎஸ்எல்லில் கழுத்திலேயே ரத்தத்தின் நீருக்கு ரேடியோ அலையால் அடையாளம் போட்டுவிட்டு, அது மூளைக்குப் போய்ச் சேரக் காத்திருந்து படம் எடுப்போம், அடையாளம் போடாத படத்தையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்போம். மிஞ்சுவது ஒரு சதவீதம் மாதிரிதான், தலை லேசாக அசைந்தாலே கெட்டுவிடும். அந்த அடையாளமும் 3 டெஸ்லா காந்த சக்தி உள்ள மெஷினில் சுமார் 1.65 நொடியில் மூன்றில் ஒரு பங்காக மங்கிவிடும், அதனால் ரொம்ப நேரம் காத்திருக்கவும் முடியாது. அப்பாவுக்கு நேர்வழி அடைபட்டதால் ரத்தம் சுற்றுவழியில் தாமதமாக வரும். அது வருவதற்குள் படம் எடுத்தால் ஓட்டமே இல்லாத மாதிரி நீலமாகத்தான் வரும். நீலத்தின் ஓரத்தில் புழு மாதிரி நெளிந்த பிரகாசமான கோடுகள் இருக்கிறதா பாருங்க, இருந்தால் ரத்தம் இன்னும் குழாய்க்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். எத்தனை நொடி காத்திருந்து எடுத்தார்கள் என்று கேளுங்க.

பாலக்காட்டுத் தம்பி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் நிஜமாகவே ஓட்டம் குறைந்தும் இருக்கலாம், தாமதம்தான் என்று விட்டுவிடாதீங்க. சாதாரணமாக மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 50, 60 மில்லி ஓடும், 20க்குக் கீழே போனால் அந்த இடம் வேலை செய்யாது, 10 பக்கம் வந்தால் சாக ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், அறிகுறி வந்துபோன அடைப்புக்கு ஆபரேஷன் தேவை என்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம். நாளைக்கே நியூரோ டாக்டரைப் பாருங்க. பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், சுருங்கிய குழாய்க்குப் பின்னால் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் வேணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
நெளிந்த கோடுகள் இருக்கு தம்பி, ஓரம் முழுக்க. காத்திருப்பு 1.8 நொடி என்று போட்டிருக்கு.

வேலந்தாவளம் ஸ்கேன்:
பெரியவர்களுக்கு, அதுவும் அடைப்பு இருக்கும்போது, 2 நொடியாவது வைக்கணும். பல தாமதங்கள் வைத்து எடுக்க முடியுமா என்று கேளுங்க, அதற்கும் ஊசி வேண்டாம். ஆனால் அதற்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீங்க. படம் மொத்தத்தையும் சிடி தட்டில் வாங்கிக்கொண்டு போங்க, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.