பழைய பூச்சிமருந்து தங்கிய மண்ணில் செடி வைத்தவர்கள், அனுபவம் சொல்லுங்கள்

களக்காட்டு வாழைக்காரன்:
மோட்டார் ரூமை ஒட்டிய மூலையில்தான் அப்பா காலத்தில் டிடிடி, பிஹெச்சி பூச்சிமருந்து மூட்டைகளைப் பிரித்துக் கலக்குவார்கள். போன கார் நெல் பருவத்தில் அங்கே தானாக முளைத்த பூசணிக்கொடி கூரை வரை ஏறியது. அம்மா ஒரு காயைப் பறித்து அரிவாள்மனையில் பிளந்துவிட்டார்கள். நல்ல மஞ்சள் சதை, திரண்ட விதை. கிள்ளிகுளத்தில் விவசாயம் படிக்கும் சித்தி மகள், "பெரியம்மா, இதைக் குழம்புல போடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பூசணி இனத்தில் சில வகைகள் டிடிடியின் மிச்சமான டிடிஇ-யை வேரால் இழுத்துக் காய் வரைக்கும் ஏற்றிவிடுமாம். விவசாயத்துக்கு டிடிடியைத் தடை செய்தது 1989-ல், இன்னுமா மண்ணில் இருக்கும்! அம்மா காயைப் பிளந்ததற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்கும் ஒரு காய் கொடுத்திருந்தோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அம்பை நெல்வயல்:
அண்ணாச்சி, பூசணியைக் குறை சொல்லாதீங்க. அது இழுத்தால்தானே மண்ணில் குறையும்? எங்களுக்கு மருந்தைச் சிதைக்கச் சேறே போதும். பிசான நெல் பருவத்துக்கு வயலில் தொழி (சேறு) கலக்கும்போது கால் வைத்த இடமெல்லாம் குமிழ் வந்தது. வேளாண் துறையிலிருந்து வந்தவர் குனிந்து பார்த்து, "காத்துப் படாத இடத்துல இருக்கிற நுண்ணுயிர் வேலை இது. பிஹெச்சியில இருக்கிற குளோரினைக் கழட்டுறதும் இந்த மாதிரி கூட்டம்தான்" என்றார். அன்றிலிருந்து தொழியில் இறங்கினாலே அந்தக் குமிழைத்தான் தேடுகிறேன்.

சேரன்மாதேவி அக்கா:
அம்பைக்காரரே, முழுசாக நம்பிவிடாதீர்கள். பிஹெச்சி பல வகை சேர்ந்த கலவை. அதில் பீட்டா வகை லேசில் சிதையாது. மருந்து கொட்டிய இடத்தில் என் கொழுந்தனார் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்ப் பொடியைக் கரைத்து ஊற்றி, மறுநாளே கீரை விதைக்கப் போனார். விதையைப் பிடுங்கி வைத்தேன். கடையில் விற்கும் சூடோமோனாஸ் வேரழுகல் போன்ற நோய்க்குத்தான்.

களக்காட்டுத் தம்பி, அந்தக் கொடியை ஆட்டுக்குப் போடாதீங்க, மாட்டுக்கும் வேண்டாம். டிடிடி கொழுப்பில் தங்கும், பாலிலும் வரும். எருக்குழியில் போட்டால் திரும்ப மண்ணுக்கே வரும், எரிக்கவும் கூடாது. தனியாக மூடி வையுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துதான் தெரியும். மூலையில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, பூச்சிமருந்து எச்சம் பார்க்கிற ஆய்வகமா என்று கேட்டுக் கொடுங்கள். ஒரு போகத்தில் செடி இழுப்பது கொஞ்சம்தான், வருஷக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அங்கே கேந்திப்பூச் செடி போடுங்கள், காய்கறி மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள், விதை எடுத்து வைத்திருப்பார்கள்.