'செவியெல்லை' சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஒலிநுட்பத்தையும் சேவை வடிவமைப்பையும் சேர்த்து ஆராயறவங்க தமிழ்ல எழுத உக்காந்தா ஒரு இடத்துல சொல் இல்லாம நின்னுடறாங்க: ஒரு சேவையில வாடிக்கையாளர் காதுல விழுற வேலையையும் விழாத வேலையையும் பிரிக்கற எல்லைக்கு என்ன பேர்? 1984-ல லின் ஷோஸ்டாக்ங்கற வங்கி அதிகாரி ஒரு சேவையை வரைபடமா போட்டுக் காட்டினப்போ குறுக்கால ஒரு கோடு இழுத்தாங்க, மேல இருக்கறது வாடிக்கையாளர் கண்ணுல படுற வேலை, கீழ இருக்கறது படாத வேலை. அதுக்கு 'பார்வையெல்லை'ன்னு ஒத்துக்கிட்டோம், சரி.

ஆனா சத்தத்துக்கு அந்தக் கோடெல்லாம் கணக்கே இல்லைங்க. பல் டாக்டர்கிட்ட போனா கதவு சாத்தியிருக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது, டிரில்லோட கீச்சுச்சத்தம் மட்டும் வரும், அது பல்லுல பட்டதும் சுருதி இறங்கும் பாருங்க, அந்த நொடியில வெளிய உக்காந்திருக்கவர் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருப்பார். வரைபடத்துல அவருக்கு சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! தாழ்ந்த சுருதியில வர்ற ஒலி இன்னும் மோசம், 100 ஹெர்ட்ஸ்னா அலைநீளமே சுமார் 3.4 மீட்டர், தட்டி திரைச்சீலை எல்லாத்தையும் சுத்தி வளைஞ்சு வந்துரும். அதனால ரெண்டாவதா ஒரு கோடு வேணும், அதுக்குப் பேரும் வேணும்.

'கேட்பெல்லை' எனக்கு ஒட்டலை. கேட்புன்னா க்ளெய்ம்னும் அர்த்தம் இருக்கு, குழப்பும். 'கூப்பிடுதூரம்' அருமையான சொல், விடவே மனசு வரலை, ஆனா அதுல ஒருத்தர் வேணும்னே கூப்பிடறார், இங்க யாரும் கூப்பிடலை, தானா காதுல விழுது. அதோட கதவைச் சாத்தினா இந்த எல்லை மாறும், தூரம் மாறாது. 'டெசிபல் எல்லை' வேண்டவே வேண்டாம், 2014-ல வந்த ஐஎஸ்ஓ 12913ங்கற சர்வதேசத் தரநிலையே ஒலிச்சூழலை மனுஷங்க அதை எப்படி உணர்றாங்கன்னு வச்சுதான் வரையறுக்குது, மீட்டர் காட்டுற எண்ணை மட்டும் வச்சு இல்லை.

அதனால 'செவியெல்லை'ங்கறேன். பார்வையெல்லைக்குப் பக்கத்துல ஜோடியா நிக்குது, 'செவியெல்லைக்குள் வரும் பணிகள்'னு எழுதினா உறுத்தலை. காது கேக்கக்கூடிய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு யாராவது எடுத்துக்குவாங்களோன்னு ஒரு தயக்கம் இருக்கு, ஆனா அதுக்குப் பாடப்புத்தகத்துலயே 'செவியுணர்'னு வேற சொல் புழக்கத்துல இருக்கே.

மாற்றுச்சொல் தர்றவங்க ஒரு முழு வாக்கியத்துல வச்சு எழுதிக் காட்டுங்க, அப்பதான் நாக்குல புரளுதான்னு தெரியும்.