உதிர்ந்த ஃப்ளாக் முடியை வீட்டிலேயே ஒட்ட முடியுமா?

கேள்வி (வேளச்சேரி)

என் பெரியப்பா 1970-களில் இங்கிலாந்தில் பணியாற்றியபோது வாங்கி வந்த 12 அங்குல ஆக்‌ஷன் மேன் பொம்மை இப்போது என்னிடம் இருக்கிறது. வண்ணம் பூசிய தலைக்குப் பதிலாக 1970-இல் பாலிடாய் நிறுவனம் கொண்டுவந்த, தொட்டால் மிருதுவாக இருக்கும் ஃப்ளாக் முடி (பசையின் மீது ஒட்டிய நுண்ணிய இழைகள்) கொண்ட வகை அது. உச்சந்தலையில் முடி உதிர்ந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. வேறொரு பழைய பொம்மைத் தலையில் வெள்ளைப் பசையைத் தடவி, நைலான் இழைத்தூளைத் தேநீர் வடிகட்டியால் தூவிச் சோதித்தேன். இழைகள் படுத்துக்கொண்டதால், முடியாகத் தெரியாமல் பாசி பிடித்த மதிலைப் போலிருந்தது. போதாக்குறைக்கு, அடுத்த மழை நாளிலேயே பசை பிசுபிசுத்தது. என் தவறு எங்கே என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1 (அம்பத்தூர்)

வெறுமனே தூவினால் இழை படுக்கத்தான் செய்யும். வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டை விரலால் தடவிப் பாருங்கள். அதுவும் ஃப்ளாக் வேலைதான். அங்கே உயர் மின்னழுத்தப் புலத்தில் மின்னேற்றம் பெறும் இழைகள், புலத்தின் திசையில் நேராக நிமிர்ந்து, அம்பு தைப்பதுபோல் முனையால் பசைக்குள் இறங்குகின்றன. கொசு அடிக்கும் மட்டையைப் பிரித்து, அதன் ஒரு முனையை இரும்பு வடிகட்டியில் இணைத்து இதைச் செய்கிறவர்கள் உண்டு.

மறுமொழி 2 (மயிலாப்பூர்)

கொசு மட்டையைப் பிரிக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். பொத்தானை விட்ட பிறகும் அதன் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை ஒருமுறை என் விரலே எனக்குக் கற்பித்தது. ரயில் மாதிரிகளை அமைப்பவர்கள் செயற்கைப் புல் நடுவதற்குப் பயன்படுத்தும் கைக்கருவி இணையத்தில் கிடைக்கிறது. கொலுவில் பூங்கா அமைக்கவும் உதவும் என்று சொல்லித்தான் நான் வீட்டில் அனுமதி பெற்றேன்.

கருவி மட்டும் போதாது. பொம்மைத் தலை மின்சாரத்தைக் கடத்தாத வினைல் என்பதால், கருவியின் இன்னொரு கம்பியை எங்கே தொடவைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நீர் கலந்த பசை ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பிடரிப் பக்கம் பசையின் ஓரத்தில் ஒரு குண்டூசியைப் படியவைத்து, அந்தக் கம்பியை அதில் மாட்டுங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் ஈரத்தில் இளகுவதால் அக்ரிலிக் பசையே நல்லது. எனாமல் வண்ணத்தைப் பசையாகப் பயன்படுத்தச் சிலர் சொல்வார்கள். மென்மையான வினைலின் மீது அது ஆண்டுக்கணக்கில் ஒட்டும் பதத்திலேயே நின்றுவிடக்கூடும். முடியின் நிறத்திலேயே அக்ரிலிக் வண்ணத்தை அடியில் பூசிக் காயவிட்டால், இழை அடர்த்தி குறைந்த இடத்தில் மண்டை பளிச்சிடாது. இழை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், நீண்டால் புல்லாகிவிடும்.

அடுத்த எதிரி நம் ஊர்க் காற்று. ஈரம் மிகுந்தால் இழைகள் ஒன்றோடொன்று திரண்டு கட்டிகளாக விழும். முற்றிலும் வறண்டாலும் மின்னேற்றம் சரியாக ஏறாது. தொழிற்கூடங்களில் ஈரப்பதத்தை ஏறத்தாழ 60 விழுக்காட்டில் வைக்க முயல்வது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஏசியைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திய அறையில் செய்யுங்கள். மின்விசிறி கூடவே கூடாது. ஒரு முழு நாள் காய்ந்த பிறகு, மென்மையான தூரிகையால் உதிரி இழைகளைக் காகிதத்தின் மீது தட்டிச் சேமித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3 (தாம்பரம்)

முகக்கவசம் அணியாமல் தொடங்காதீர்கள். நைலான் ஃப்ளாக் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலில் ஏற்பட்ட பாதிப்பு 1990-களில் தனி நோயாகவே அடையாளம் காணப்பட்டது. நீங்கள் செய்வது ஒரு தலைதான் என்றாலும், நுண்தூள் நுண்தூள்தான்.

மற்றொன்று: வழுக்கை நாணய அளவுதான் என்றால், மீதமுள்ள பழைய முடியைச் சுரண்டி எடுக்க வேண்டாம். புதிய நிறம் ஐம்பதாண்டு மங்கிய நிறத்தோடு எளிதில் பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் மூல முடியை ஒருமுறை அகற்றினால் திரும்பக் கிடைக்காது. பழுப்பு, கறுப்பு, சாம்பல் இழைகளைச் சிறு அளவுகளில் கலந்து, வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. குண்டூசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பெரியப்பாவின் பொம்மையை இப்போதைக்குத் தொடவில்லை. கருவி வந்ததும் பாசி பிடித்த தலையைக் கழுவி, தை மாதத்தில் அதிலேயே மறுபடி முயன்று பார்க்கிறேன்.