பாதத்தின் முன்பகுதியை எடுத்த பிறகு நடை: உங்கள் அனுபவம் என்ன?

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்:
இனிப்பு நீர் (நீரிழிவு) நோயால் என் வலது கால் விரல்களையும், அவற்றை ஒட்டிய பாத எலும்புகளின் முன்முனைகளையும் எடுத்துவிட்டார்கள். குதிகாலும் கணுக்காலும் இருப்பதால், சப்பாத்துக்குள் நுரைப்பஞ்சை அடைத்துக்கொண்டால் பழைய நடை வந்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். சப்பாத்து மடங்காமலிருக்கவும் கால் உள்ளே வழுக்காமலிருக்கவும் பஞ்சு உதவுகிறது. நடைக்கு அது போதவில்லை. நடக்கும்போது உடற்பாரம் குதிகாலில் இறங்கி முன்பாதத்துக்கு நகர்ந்த பிறகுதான் கெண்டைத்தசை நம்மை முன்னே உந்துகிறது. ஊன்றுவதற்கு எலும்பு முனைகளே இல்லாதபோது, மற்றக் கால் தரையில் பதிந்து பாரத்தை ஏற்கும்வரை அந்தப் பாரம் வெட்டிய இடத்தைத் தாண்டி முன்னே செல்வதில்லை. கணுக்கால் நன்றாக அசைந்தாலும் உந்துவிசை பிறப்பதில்லை, அந்த வேலை இடுப்பின் தலையில் விழுகிறது. மாலையில் எனக்குக் கடுப்பது பாதமன்று, இடுப்புத்தான்.

லெபோ பினாங் தெருவின் கடை முகப்பு நடைபாதைகளில் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரம். படி இறங்கும்போது நாம் முதலில் பதிப்பது முன்பாதத்தை. அது இல்லாத கால் குதிகாலோடு தொப்பென்று இறங்குவதால், நான் தூணைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்குகிறேன். மழை நாளில் அந்தப் பக்கமே போவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் உறுப்பினர்:
ஐயா, என் அப்பாவுக்குக் குதியெலும்பையும் கணுக்கால் எலும்பையும் மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தார்கள். பாதத்தை மேலே தூக்கும் தசைகள் பிடிப்பை இழந்துவிட, குதிகால் தசைநார் மட்டும் இழுத்து இழுத்துப் பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டது. தழும்பின் மீதே பாரம் விழுந்து புண்ணானது. அந்தத் தசைநாரை நீட்டி அறுவை செய்தபின், முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தை அணைத்துப் பிடிக்கும் கெட்டியான உறையும் வளையாத முன்பாதமும் உள்ள கருவி கொடுத்தார்கள். பாரம் இப்போது உறை வழியாகக் காலுக்கு ஏறுவதால் காலடி நீளமாக விழுகிறது. ஆனால் கணுக்கால் அசையாது. சாய்தளத்தில் இறங்குவது சிரமம், சம்மணமிட முடியாது. கோயிலுக்கும் வீட்டுக்கும் என்று, வெளியில் போடாத தனிச் சப்பாத்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் உணர்ச்சி குறைந்த காலை வெறுந்தரையில் வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்:
நன்றி தம்பி. அந்த உறை வெயிலில் வேர்த்துத் தோலை உரசுகிறதா, உள்ளே காலுறை மாற்றுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். எனக்கும் அதையே பரிந்துரைத்திருக்கிறார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தை நினைத்துத்தான் தயங்குகிறேன்.